அதுக்குக் கால் இல்லையே!

எங்கள் பரமத்தி வேலூரில் 'சுமை' என்பது ஒரு கணக்கு. நூறு வெற்றிலை ஒரு கவுளி. 104 கவுளி ஒரு சுமை. வெற்றிலை ஏலத்தில் விலை கூவுவதே சுமைக் கணக்கில்தான். காவிரித் தண்ணீர் ராஜ வாய்க்காலில் ஓடிவந்து கொடிக்காலை வளர்த்த ஊர். ஒரு ஆள் எவ்வளவு தூக்கலாம், எவ்வளவு தூரம் தூக்கலாம் என்பது எங்கள் ஊர்ச் சின்னப் பையனுக்குக்கூடத் தெரியும்.

தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன், போன தை மாதம் என் அக்கா மகன் பெங்களூரிலிருந்து வந்து இறங்கும் வரை!

"மாமா, கொல்லிமலை போலாம். காரெல்லாம் வேணாம். மேல போயி ஒரு நாள் பூரா நடக்கணும். ட்ரெக்கிங்!"

கேட்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து முப்பது வயதிலேயே இடுப்பைப் பிடித்துக்கொண்டு திரிகிற பிள்ளை நடக்கிறேன் என்கிறானே! ஆனால், அவன் முதுகிலிருந்து இறக்கி வைத்த பையைப் பார்த்ததும் பயம் வந்துவிட்டது. ஆறு வயதுக் குழந்தையை உள்ளே உட்காரவைக்கலாம் போல் இருந்தது.

பக்கத்து மண்டித் தராசில் தூக்கி வைத்தேன். 17 கிலோ.

"என்னடா மாப்ளே இருக்கு உள்ளே?"

ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான். கூடாரம். தூங்குகிற பை. சின்ன கேஸ் அடுப்பு. நூடுல்ஸ் பாக்கெட் எட்டு. பவர் பேங்க் இரண்டு. காட்டிலே பாட்டுக் கேட்க ப்ளூடூத் ஸ்பீக்கர். மூன்று விதமான ஜாக்கெட். எல்லாம் எடுத்த பிறகு அடியில் கிடந்தது ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில். ஒன்றே ஒன்று.

"தண்ணி?"

"போற வழியில வாங்கிக்கலாம் மாமா."

"டார்ச் லைட்டு?"

"போன்ல இருக்கு மாமா."

நீங்கள் சிரிக்க வேண்டாம். ட்ரெக்கிங் என்று கிளம்புகிற நம் பிள்ளைகளில் பாதிப் பேரின் பை இப்படித்தான் இருக்கிறது. பழக்கப்பட்ட மலையேறிகள் ஒரு தோராயக் கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒரு நாள் நடைக்கு உடம்பு எடையில் பத்தில் ஒரு பங்கு. ராத்தங்கல் உண்டென்றால் ஐந்தில் ஒரு பங்கு. 65 கிலோ இருக்கிற பையன் ஒரு நாள் நடைக்கு ஆறரைக் கிலோ தூக்கலாம். அதில் சரிபாதி தண்ணீராக இருக்கட்டும்.

அன்று ராத்திரி எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு சின்ன யுத்தமே நடந்தது. முடிவில் கூடாரம், அடுப்பு, ஸ்பீக்கர் எல்லாம் அக்கா வீட்டுப் பரணுக்குப் போயின. மூன்று லிட்டர் தண்ணீர், டார்ச் லைட், வேர்க்கடலை உருண்டை, கட்டுச்சோறு, ஒரு துண்டு, மருந்துப் பொட்டலம் உள்ளே வந்தன. தராசு ஏழு கிலோ காட்டியது. பையன் முகம் கொஞ்சம் வாடித்தான் போனது.

*

விடிகாலை நாலு மணிக்குக் கிளம்பினோம். நாமக்கல், சேந்தமங்கலம், காரவள்ளி. அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். செம்மேட்டில் வல்வில் ஓரி சிலை பக்கம் டீ குடித்தபோது மணி ஏழு. பனி இன்னும் இறங்கவில்லை.

மிளகு வியாபாரம் செய்கிற நண்பர் ஒருவர் மூலமாக அந்த மலையில் பிறந்து வளர்ந்த பெரியவர் ஒருவரை ஏற்பாடு செய்திருந்தேன். மலையாளி சமூகத்தவர். (கேரளாக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். கொல்லிமலை, சேர்வராயன் மலை, கல்வராயன் மலையில் பல தலைமுறையாக இருக்கிற, தமிழ் பேசுகிற மலைவாசிகள்.) வயது அறுபதுக்கு மேல். காலில் ரப்பர் செருப்பு. தோளில் ஒரு துணிப்பை. அதில் கொடுவாள், துண்டு, தூக்குப் போசியில் சோறு. அவ்வளவுதான்.

மாப்பிள்ளையின் கண் அந்த ரப்பர் செருப்பிலேயே இருந்தது. அவன் காலில் கிடந்தது ஒன்பதாயிரம் ரூபாய் ஷூ.

திட்டம் இதுதான். காட்டுக்குள் போவதில்லை. செம்மேட்டிலிருந்து வளப்பூர் நாட்டில் இருக்கிற அறப்பளீஸ்வரர் கோயில் வரை ஊருக்கு ஊர் போகிற பாதையில் நடப்பது. தார்ச் சாலையில் போனால் 15 கிலோமீட்டருக்குப் பக்கம். ஒற்றையடிப் பாதை அங்கங்கே குறுக்கே வெட்டும். சாயந்திரம் கோயிலிலிருந்து பஸ் பிடித்துத் திரும்பிவிடுவது.

காபித் தோட்டம், சில்வர் ஓக் மரத்தில் ஏறின மிளகுக் கொடி, பலா மரம், பள்ளத்தில் படிப்படியாக நெல் வயல், மேட்டில் மரவள்ளி... "முந்தி இந்த மேடு பூரா சாமைங்க. இப்ப மரவள்ளிதான். சேகோ மில்லுக்குப் போவுது" என்றார் பெரியவர்.

ஒரு ஓடையைத் தாண்டும் முன்னால் நின்றார். தண்ணீரைப் பார்த்தார். மேலே பார்த்தார். பிறகுதான் கால் வைத்தார்.

"என்ன பாத்தீங்க?"

"தண்ணி தெளிவா இருக்கான்னு. கலங்கி வந்தா, எலை தழை மிதந்து வந்தா, மேல எங்கயோ மழைன்னு அர்த்தம். அப்பத் தாண்டக் கூடாது. இங்க வெயிலடிக்கும். அங்க கொட்டும்."

எந்த ஆப் இதைச் சொல்லும்?

நடக்க நடக்கப் பழைய கதை சொன்னார். பஸ் வருவதற்கு முந்தைய காலம். தலையில் பலாப்பழம், அன்னாசி. விடிவதற்குள் மலையிறங்கிச் சந்தையில் விற்றுவிட்டு உப்பு, சீமெண்ணெய், துணி வாங்கிக்கொண்டு மறுபடி ஏற வேண்டும். பிரசவ வலி வந்தால் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டும். "போற வழியிலயே பொறந்ததும் உண்டு. போற வழியிலயே போனதும் உண்டு" என்றார், ஏதோ மழை வெயிலைச் சொல்கிற மாதிரி.

கோயிலுக்குப் போய்ச் சேர்ந்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட படி இறங்கி ஆகாய கங்கை அருவியைப் பார்த்துவிட்டு, அதே படியெல்லாம் மூச்சு வாங்க ஏறி வந்தபோது மணி மூன்று.

அப்போதுதான் மாப்பிள்ளை போனை எடுத்தான்.

"மாமா, இங்க பாருங்க. அருவித் தண்ணி போற பக்கமாவே எறங்குனா புளியஞ்சோலை. யாரோ நடந்த ட்ராக்கை அப்படியே ஏத்தி வெச்சிருக்காங்க. ரெண்டரை மணி நேரம்தான் காட்டுது. எறக்கம் வேற. ஆறு மணிக்குக் கீழ. அங்கிருந்து துறையூர் போயி பஸ் ஏறிடலாம். வந்த வழியே பஸ்ஸுல போறதுக்கு இது சூப்பரா இருக்கும்!"

உண்மையைச் சொல்கிறேன். எனக்கும் ஆசை வந்துவிட்டது. நாள் பூரா நடந்த தெம்பு. நல்ல வெயில். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பெரியவர்தான் சொன்னார். "வேணாம்."

"ஏனுங்க?"

"அது காட்டுப் பாதை. எலாகாவுல கேக்கலை. ஆத்தைக் குறுக்க மறுக்கத் தாண்டணும். மூணு மணிக்கு மேல எறங்கக் கூடாது. பள்ளத்துல வெளிச்சம் சீக்கிரம் போயிரும்."

"இல்லீங்க, போன்ல ரெண்டரை மணி நேரம்னு..."

பெரியவர் சிரித்தார். "அது காட்டும் தம்பி. அதுக்குக் கால் இல்லையே!"

நாங்கள் பஸ் ஏறினோம். மாப்பிள்ளை செம்மேடு வரை என்னோடு பேசவில்லை.

*

ஒன்றுமே நடக்காத ஒரு நாளின் கதையை ஏன் இவ்வளவு நீளமாகச் சொல்கிறேன்? ஒன்றுமே நடக்கவில்லை என்பதுதான் விஷயம். பெரியவர் வாயிலிருந்து வந்த ஒரு 'வேணாம்'தான் அன்றைக்கு அதைச் செய்தது.

2018 மார்ச் 11 உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டம், போடிக்குப் பக்கத்தில் குரங்கணி மலை. சென்னையிலிருந்து ஒரு குழு. நம் ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்திலிருந்து இன்னொரு குழு. நிறையப் பெண்கள். பெரும்பாலும் வேலை பார்க்கிற இளைஞர்கள். காய்ந்த புல் மேட்டில் தீ சூழ்ந்துகொண்டது. அன்றைக்கும் அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிகளிலுமாகக் கடைசியில் போனது 23 உயிர்.

ஹெலிகாப்டர் வந்தது. கமாண்டோக்கள் வந்தார்கள். மந்திரிகள் வந்தார்கள். தீக்காயத்தோடு கிடந்தவர்களை இறக்கிக் கொண்டுவர முதலில் ஓடியவர்களில் அந்தப் பக்கத்து ஊர்க்காரர்களும் இருந்தார்கள்.

அடுத்த ஒரு வாரம் தமிழ்நாடு என்ன பேசியது? அனுமதி வாங்கினார்களா, இல்லையா? எந்தப் பாதைக்கு வாங்கினார்கள், எந்தப் பாதையில் போனார்கள்? யாரை சஸ்பெண்ட் செய்வது? எங்கள் ஊர் டீக்கடையில் ஒருவர் இன்னும் ஒருபடி மேலே போனார்: "பொம்பளைப் புள்ளைகளுக்கு மலையில என்னங்க வேலை?" (பழனிக்கு நடந்து போகிற பெண்களை இதே வாய் 'தெய்வ பக்தி' என்று புகழும்.)

ஒரே ஒரு கேள்வியை மட்டும் யாரும் கேட்கவில்லை. காட்டுத் தீ எப்படி ஓடும் என்று இவர்களுக்கு யாராவது, எந்தப் பள்ளிக்கூடத்திலாவது, எந்த வயதிலாவது சொல்லிக் கொடுத்தோமா?

தீ சரிவில் மேல் நோக்கித்தான் வேகமாக ஓடும். கீழே எரிகிற ஜுவாலை மேலே இருக்கிற புல்லை முன்கூட்டியே காய்ச்சி வைத்துவிடுகிறது. சரிவு பத்து டிகிரி கூடினால் தீயின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது தீயணைப்பாளர்களின் பாலபாடம். ஆகவே கீழே தீயைப் பார்த்தவுடன் மேலே ஓடுவது தீக்கு முன்னால் ஓடுவது. புல்லில்லாத பாறை, ஏற்கெனவே எரிந்து அணைந்த கருகல் நிலம், பக்கவாட்டில் விலகுகிற வழி... இவைதான் பிழைக்கிற இடங்கள். நைலான், பாலியெஸ்டர் உடை சூட்டில் உருகித் தோலோடு ஒட்டும். பருத்தி அப்படி உருகாது. இதைப் படிக்க உங்களுக்கு ஒரு நிமிஷம் ஆகியிருக்குமா? இந்த ஒரு நிமிஷப் பாடத்தைக் கொடுக்காத நாம், செத்தவர்களிடம் அனுமதிச் சீட்டு கேட்டுக்கொண்டிருந்தோம்.

*

பிறகு அரசு செய்தது என்ன? விசாரணை வைத்தது. அதே 2018-ல் மலையேற்றத்துக்கென்று விதிகள் வந்தன. பாதைகளை எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்தார்கள். தீக் காலத்தில் போகக் கூடாது என்றார்கள். நல்ல விதிகள்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால், மலைப் பக்கம் இருக்கிற யாரையாவது கேட்டுப் பாருங்கள். பல இடங்களில் கைக்கு வந்து சேர்ந்தது விதி இல்லை, பூட்டு. கேட்டால் 'இல்லை', கேட்காமல் போனால் வழக்கு.

வனத்துறைக்காரர்கள் பக்கம் நியாயமே இல்லையா? இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு வனக்காப்பாளர் கேட்டார்: "நீங்க ஜாலியா போயி விழுந்து சாவீங்க. பதில் சொல்றது நான். எனக்கு இருக்கிற ஆள் ரெண்டு பேர். காடு எவ்வளவுன்னு தெரியுமா?" அவர் வயிற்றெரிச்சல் உண்மையானது. அவர் இடத்தில் நான் இருந்தால் நானும் பூட்டைத்தான் தேடுவேன்.

ஆனால், பூட்டு வேலை செய்கிறதா? அதைப் பாருங்கள். கேட்டால் கிடைக்காது என்று தெரிந்தவன் கேட்பதை நிறுத்துகிறான். நடப்பதை நிறுத்துவதில்லை. விடிவதற்கு முன்னால், செக்போஸ்ட்டைச் சுற்றிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் போகிறான். உள்ளூர் ஆளைக் கூட்டிக்கொண்டு போனால் அவருக்கும் வழக்கு வரும் என்பதால், போனில் யாரோ ஏற்றிவைத்த கோட்டைப் பிடித்துக்கொண்டு போகிறான். கால் பிசகினால் உதவிக்குக் கூப்பிடவும் பயம், அபராதம் போடுவார்களே! ஆக, நம் பூட்டு ஆபத்தைத் தடுக்கவில்லை. ஆபத்தான நேரத்தில் பக்கத்தில் இருக்க வேண்டிய ஆளைத்தான் தடுக்கிறது.

வழிகாட்டி இருக்க வேண்டிய இடத்தில் நாம் காவலாளியை நிறுத்தியிருக்கிறோம். என் புகாரெல்லாம் இந்த ஒரு வரிதான்.

இன்னொன்றும் சொல்கிறேன், நம் நாமக்கல் மாவட்டத்து விஷயம். ராசிபுரம் பக்கம் போதமலை இருக்கிறது. கீழூர், மேலூர், கெடமலை என்று மூன்று ஊர். தேர்தல் வந்தால் அதிகாரிகள் வாக்குப்பதிவு இயந்திரத்தைத் தலைச்சுமையாகத் தூக்கிக்கொண்டு அந்த மலைப் பாதையில் நடந்து போவார்கள். 2021 சட்டமன்றத் தேர்தலிலும் அதே கதைதான். பேப்பரில் படம்கூட வந்தது. சாலைக்குப் பணம் ஒதுக்கி வேலை தொடங்கியதெல்லாம் அதற்குப் பின்னால்தான். நாடு சுதந்திரம் வாங்கி எழுபது வருஷத்துக்கு மேல் அந்த ஜனங்கள் அரிசி மூட்டையையும் நோயாளியையும் தூக்கிக்கொண்டு நடந்தபோது, அந்தப் பாதைக்கு 'எளிது, நடுத்தரம், கடினம்' என்று போர்டு வைக்க யாருக்கும் தோன்றவில்லை. ஓட்டுப்பெட்டி ஏறும்போது மட்டும் அது பாதை.

மலைப் பாதை என்பது வனத்துறை போட்டதோ, ட்ரெக்கிங் கிளப் கண்டுபிடித்ததோ கிடையாது. தேவைக்கு நடந்தவர்கள் கால் பட்டுப் பட்டு உண்டானது. 2006-ல் பார்லிமென்ட் நிறைவேற்றிய வன உரிமைச் சட்டம், காட்டைக் காக்கவும் ஆளவும் அந்த ஜனங்களுக்கு உரிமை உண்டு என்றும், அவர்களுடைய கிராம சபைக்கு அதில் சொல் உண்டு என்றும் சொல்கிறது. அப்படியானால் அந்தப் பாதையில் யார் போகலாம், எப்போது போகலாம், எப்போது கூடாது என்று முடிவு எடுக்கும்போது, அந்தப் பெரியவரை அல்லவா முதலில் கேட்க வேண்டும்?

*

ஒரு நல்ல காரியமும் நடந்தது. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசே 'ட்ரெக் தமிழ்நாடு' என்று ஒரு திட்டத்தைத் தொடங்கியது. 14 மாவட்டங்களில் 40 பாதைகள். உள்ளூர்க்காரர்களும் பழங்குடி இளைஞர்களும் வழிகாட்டிகள். அவர்களுக்குப் பயிற்சி. இந்தத் திசைதான் சரி. கைதட்டுகிறேன்.

கைதட்டிவிட்டு ஒரு கேள்வி. தொடங்கியபோது கட்டணம் பாதைக்குத் தக்கபடி சில நூறிலிருந்து சில ஆயிரம் ரூபாய் வரை இருந்தது. என் அக்கா மகன் கட்டிவிடுவான். அவன் ஷூ விலையே ஒன்பதாயிரம். எங்கள் வேலூர் அரசுப் பள்ளியில் படிக்கிற, கொடிக்காலில் கூலி வேலை செய்கிறவரின் மகள் கட்டுவாளா? அவள் வீட்டு மாடியில் நின்றால் தெரிகிற மலை அது. வழிகாட்டிக்குக் கொடுக்கிற கூலியில் ஒரு பைசா குறைக்க வேண்டாம். அந்தப் பெண்ணுக்காக அரசு கொடுக்கட்டும். ஒரு வகுப்புக்கு வருஷத்துக்கு ஒரு மலை நடை. டவுனில் பொருட்காட்சி, அணைக்கட்டு, பார்க் என்று பஸ்ஸில் கூட்டிப் போகிற சுற்றுலாவில் ஒன்றைக் குறைத்தாலே போதும்.

வெளியூர்க் கதை இரண்டு சொல்லி முடித்துவிடுகிறேன். 1932 ஏப்ரலில் இங்கிலாந்தில் கிண்டர் ஸ்கவுட் என்ற மலைமேட்டில் நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் வேண்டுமென்றே அத்துமீறி ஏறினார்கள். பிரபுக்கள் வேட்டையாடுவதற்காகப் பூட்டி வைத்திருந்த மேடு அது. வாரம் ஆறு நாள் மில் புகையில் கிடந்தவன் ஏழாம் நாள் மலைக்காற்றை சுவாசிக்கக் கூடாதா என்பதுதான் கேள்வி. ஐந்து பேர் ஜெயிலுக்குப் போனார்கள். ஆனால், 1949-ல் தேசியப் பூங்காக்களுக்கும் பொதுப் பாதைகளுக்கும் சட்டம் வந்தது.

இரண்டாவது கதை நேபாளம். 2023 ஏப்ரல் முதல், மலையேற வருகிற வெளிநாட்டுக்காரர்கள் பல பாதைகளில் உரிமம் பெற்ற வழிகாட்டி இல்லாமல் போகக் கூடாது என்று விதி வைத்தார்கள். தொலைந்துபோகிறவர்களைத் தேடித் தேடிச் சலித்துப்போய் எடுத்த முடிவு. அவர்களும் மலையைப் பூட்டியிருக்கலாம். அவர்கள் பக்கத்தில் ஒரு ஆளை நிறுத்தினார்கள். மலைக்காரனுக்குக் கூலி, வந்தவனுக்கு உயிர்.

*

அரசைத் திட்டியாயிற்று. இப்போது நம் பக்கம் திரும்புவோம். தப்பித்துக்கொள்ளலாம் என்று பார்க்காதீர்கள்!

ஒன்பதாயிரம் ரூபாய்க்கு ஷூ வாங்குகிற நாம், நாள் பூரா கூட வருகிற பெரியவரிடம் நூறு ரூபாய்க்குப் பேரம் பேசுகிறோம். ஐநூறு வாட்ஸ்அப் குழுக்களுக்குப் படம் அனுப்புகிற நாம், வீட்டில் ஒருவரிடம் 'இந்தப் பாதையில் போகிறேன், இத்தனை மணிக்குத் திரும்பவில்லை என்றால் தேடு' என்று சொல்லிவிட்டுப் போவதில்லை. 2019 ஜனவரியிலேயே ஒரு தடவை தூக்கி எறிகிற பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் தடை வந்தாயிற்று. அருவிப் படியில் நான் பார்த்த கப்பும் கவரும் யாருடையது? மலைக்காரர்களுடையதா? மார்ச் மாத வெயிலில் காய்ந்த புல்லில் சிகரெட் துண்டைச் சுண்டி எறிகிறவன் யார்? கேஸ் அடுப்பு பற்றவைத்து நூடுல்ஸ் கிண்டி ரீல்ஸ் எடுக்கிறவன் யார்?

காவலாளியைக் கொண்டுவந்து நிறுத்தியதில் நம் பங்கும் இருக்கிறது. ஒப்புக்கொள்ளுங்கள்.

ஆகவே, அரசுக்கு மூன்று வேண்டுகோள். ஒவ்வொரு மலைக் கிராமத்திலும் அந்த ஊர் ஆட்களையே பயிற்சி கொடுத்து வழிகாட்டிகள் ஆக்குங்கள். கூலியை கிராம சபை நிர்ணயிக்கட்டும். பாதை தொடங்கும் இடத்தில் 'அத்துமீறி நுழைபவர்கள் தண்டிக்கப்படுவார்கள்' என்ற துருப்பிடித்த போர்டுக்குப் பக்கத்தில் இன்னொரு போர்டு வையுங்கள். இன்று காற்று எந்தப் பக்கம், தீ இருக்கிறதா, ஆற்றில் தண்ணீர் எப்படி, எத்தனை மணிக்கு மேல் இறங்கக் கூடாது, ஆபத்தென்றால் யாரைக் கூப்பிடுவது. தினம் காலையில் சாக்பீஸால் எழுதினாலே போதும். மூன்றாவது, அரசுப் பள்ளிப் பிள்ளைகளை இலவசமாக மலைக்குக் கூட்டிப் போங்கள். பத்து வயதில் ஓடைத் தண்ணீரின் நிறம் பார்க்கக் கற்றவள் முப்பது வயதில் போனை நம்பி இறங்க மாட்டாள்.

உங்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். கூட வருகிற மலைக்காரர் 'வேணாம்' என்றால் திரும்பிவிடுங்கள். ஏன், எதற்கு என்று கேளுங்கள், தெரிந்துகொள்ளுங்கள். ஆனால், திரும்பி நடந்துகொண்டே கேளுங்கள். வெயில் நன்றாக இருக்கிறது, தூரம் கொஞ்சம்தான், இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே... இந்த மூன்று சமாதானமும் அன்றைக்கு எனக்கும் தோன்றின. வயது ஐம்பதைத் தாண்டியும் எனக்கு வாய் வரவில்லை என்று சொன்னேன் அல்லவா? உங்களுக்கும் வராது. அதற்குத்தான் அவர்.

அன்று ராத்திரி வேலூர் திரும்பியதும் மாப்பிள்ளை பையைக் கொண்டுபோய் மறுபடி தராசில் வைத்தான். தண்ணீர் தீர்ந்திருந்தது, கட்டுச்சோறு தீர்ந்திருந்தது. ஐந்து கிலோ காட்டியது. திறந்து பார்த்தால் பாதிக்கு மேல் குப்பை. அருவிப் படியில் கிடந்த பாட்டில்கள், கவர்கள். ஏறும்போது பின்னால் மெதுவாக வந்தானே, மூச்சு வாங்குகிறது போல என்று நினைத்தேன். பொறுக்கிக்கொண்டு வந்திருக்கிறான்!

"மாமா, அந்தத் தாத்தா நம்பர் இருக்கா?"

"எதுக்குடா?"

"புளியஞ்சோலைப் பாதைக்கு எலாகாவுல யாரைக் கேக்கணும்னு அவருக்குத் தெரியுமாம். பெர்மிஷன் குடுத்தா காலையில ஆறு மணிக்கே எறங்கலாம்னாரு. நானும் கேட்டுப் பாக்கறேன்."

கேட்டுப் பார்க்கப் போகிறான். வனத்துறை அதிகாரிகளே, இந்தப் பையனுக்கு நீங்கள் சொல்லப்போகிற பதில் 'இல்லை' என்றால், அடுத்த தடவை அவன் கேட்க மாட்டான்.